கொல்லிமலையில் ஒரு கிறிஸ்துமஸ் படம் காத்திருக்கிறது

டிசம்பர் கடைசி வாரத்தில் கொல்லிமலைச் செம்மேட்டில் மாலை ஐந்தரை மணிக்கே விளக்கைப் போட்டாக வேண்டும். பேருந்து நிலையத்தில் நின்றால் எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்கிவிடும். அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிற பேருந்தின் சத்தம் முதலில் கேட்கும், வெளிச்சம் பிறகுதான் வரும். கீத பவனிப் பிள்ளைகள் கம்பளிக் குல்லாவோடு வந்து, பாடி, சுக்குக் காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் தொலைக்காட்சி முன் உட்காருவோம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் படம் மாறுவதே இல்லை. ‘அன்னை வேளாங்கண்ணி’தான்.

1971-ல் கே. தங்கப்பன் இயக்கத்தில் வந்த படம். ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா நடித்தது. பால் கொண்டு போன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற பிள்ளை, புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல் என்று வேளாங்கண்ணியின் புதுமைகள் எல்லாமே எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த மோர்க்காரப் பிள்ளை எழுந்து நடக்கப் போகிறான் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தையும் வந்துவிடுவார். அவர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்பவர். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டும் வந்தவர்.

கதை தெரிந்த படத்தை எதற்குத் திரும்பப் பார்க்கிறோம்? கதைக்காக இல்லை. போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது. தாத்தா இருந்தபோது ‘ஞானசௌந்தரி’ போட்டால் அவர்தான் முதலில் பாயை விரிப்பார். 1948-ல் சிட்டாடல் நிறுவனம் எடுத்த அந்தப் படத்தில் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தார்கள். சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதாவின் அருளால் கை திரும்பக் கிடைக்கிற கதை. அதே ஆண்டு ஜெமினி நிறுவனமும் இதே கதையை எடுத்தது. சிட்டாடல் படத்தின் முன் அது நிற்கவில்லை. தாத்தா இப்போது இல்லை. அந்தப் படத்தின் பழைய பாட்டு எங்காவது கேட்டால், அவர் பாயை உதறும் சத்தம்தான் முதலில் என் காதில் விழுகிறது.

தெலுங்கில் 1978-ல் வந்த ‘கருணாமயுடு’வையும் விட முடியாது. விஜயசந்தர் ஏசுவாக நடித்த அந்தப் படம் தமிழும் பேசியது. ஊர்த்திடலில் வெள்ளைத் திரை கட்டி அதைப் போட்ட காலமும் உண்டு. மண்ணில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஏசு என்றால் இன்றும் விஜயசந்தரின் முகம்தான்.

மற்ற நாடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஸ்வீடனில் டிசம்பர் 24 மதியம் மூன்று மணி ஆனால் குடும்பம் குடும்பமாக டொனால்ட் டக் படத் தொகுப்பு பார்க்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே நிகழ்ச்சிதான். அமெரிக்காவில் ஃபிராங்க் காப்ரா 1946-ல் எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ தியேட்டரில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974-ல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றானதும் ஊருக்கு ஊர் உள்ள தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் டிசம்பரில் அதைப் போட்டுக்கொண்டே இருந்தன. தோற்ற படம், பார்க்கப் பார்க்க ஒரு நாட்டின் பண்டிகைப் படமாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சார்லி பிரவுன்’ சிறப்பு நிகழ்ச்சியின் கதை. 1965 டிசம்பர் 9 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த அரை மணி நேரக் கார்ட்டூன் அது. நிஜமான பிள்ளைகளின் குரல், வின்ஸ் குரால்டியின் ஜாஸ் இசை, பின்னணியில் செயற்கைச் சிரிப்புச் சத்தம் கிடையாது. நடுவில் ஒரு சிறுவன் மேடையில் நின்று லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து சில வசனங்களைச் சொல்கிறான். நிலையத்தின் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, மெதுவாகப் போகிறது என்றார்கள். மக்களுக்குப் பிடித்துப்போனது. தலைமுறைகள் தாண்டியும் பார்க்கிறார்கள்.

நம் தமிழ்த் தொலைக்காட்சிகளில் அப்படி ஒன்று இருக்கிறதா? ஆலய ஆராதனை நேரலை இருக்கிறது. வேளாங்கண்ணித் திருப்பலி இருக்கிறது, நல்லது. அது முடிந்ததும் ‘முதன்முறையாக’ என்று முழங்கிக்கொண்டு ஓர் அடிதடிப் படம் வருகிறது. அடுத்த வருடம் அதே நாளில் வேறோர் அடிதடிப் படம். பண்டிகைக்கென்று எடுத்து, வருடா வருடம் பாதுகாத்துப் போடுகிற ஒரு சிறிய தமிழ்ப் படம்கூட நமக்கு இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கதைக்கா பஞ்சம்? எங்கள் மலையிலேயே ஒரு கதை கிடக்கிறது.

ஜெஸ்ஸி பிராண்ட் என்கிற ஆங்கிலேய மிஷனரி, எவலின் என்கிற லண்டன் பணக்கார வீட்டுப் பெண். எவலின் ஓவியம் தீட்டுபவர். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு மழையில் கொல்லிமலை ஏறினார்கள். அப்போது வளைவும் இல்லை, சாலையும் இல்லை. ஜெஸ்ஸி தச்சு வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்தவர். அந்த வைத்தியத்தை வைத்துக்கொண்டு மலைச்சனத்துக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியது. அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி, சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். இதைவிட ஒரு கிறிஸ்துமஸ் காட்சி வேண்டுமா?

1929-ல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தபோது பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். சாவுத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் பின்னால் வந்தது. அதைப் பிரித்துப் படித்த பையன் பால் பிராண்ட், 1914-ல் பிறந்து இதே கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில், தொழுநோயால் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சை செய்து திரும்ப மடக்கவும் நீட்டவும் வைத்தவர் அவர்தான். ‘ஞானசௌந்தரி’யில் வெட்டுண்ட கை திரும்பக் கிடைத்ததைத் திரையில் பார்த்து நம் தாத்தாக்கள் அழுத அதே நாற்பதுகளின் இறுதியில், வேலூரில் இந்த வேலை தொடங்கியிருந்தது.

அம்மா எவலின் ஓயவில்லை. எழுபதை நெருங்கும்போது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஊர் திரும்பாமல் மலைக்கே திரும்பினார். இடுப்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார், மட்டக்குதிரை ஏறி மலை மலையாகப் போனார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன், சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைகள். நரம்புச் சிலந்தி நோய் பரவாமலிருக்க நீர்நிலைகளுக்குக் கல் கட்ட வைத்தார். 1974 டிசம்பர் 18 அன்று, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 95 வயதில் இறந்தார்.

தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரம் போதும். பெரிய நடிகர் வேண்டாம், மலைப் பிள்ளைகளையே நடிக்க வையுங்கள், மலைப் பேச்சிலேயே பேச விடுங்கள். எடுத்ததை ஒருமுறை போட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டாதீர்கள். ஒவ்வொரு டிசம்பர் 24 இரவும் ஒரே மணிக்குப் போடுங்கள், பாயை விரித்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். எவலினும் ஜெஸ்ஸியும் வாழவந்தியில் பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். செம்மேட்டில் இறங்கி வழி கேளுங்கள், சொல்வோம்.