தொகுப்பியைத் தொகுத்தது யார்?

நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறி நேரே படித்தறிவதில்லை. அதற்குத் தெரிந்தவை சுழியமும் ஒன்றுமே. ஆதலின், மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பெற்ற மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றித்தர, 'கம்பைலர்' எனப்படும் தொகுப்பி தேவைப்படுகின்றது. அத்தொகுப்பியும் ஒரு நிரல்தானே! அதனைத் தொகுத்தது யார்? பாலை உறையூற்ற நேற்றைய தயிரில் ஒரு கரண்டி வேண்டும். நேற்றைய தயிருக்கு அதற்கு முந்தைய நாளின் தயிர் வேண்டும். நிரல்மொழிகளின் நிலையும் இதுவே.

'கோ' என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் வடிவமைக்கத் தொடங்கி, 2009இல் வெளியிடப்பெற்ற மொழி இது. முதலில் இதன் தொகுப்பி சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2015இல் வந்த 1.5ஆம் பதிப்பு முதல் அது கோ மொழியிலேயே அமைந்துவிட்டது. அதாவது, கோ மொழியைக் கட்டியெழுப்பக் கோ மொழி முன்னரே நம்மிடம் இருந்தாக வேண்டும். ஆயத்தத் தொகுப்பியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது எளிய வழிதான். ஆயின் அதனுள் இருப்பது இன்னதென நாம் அறியோம். எவரோ தொகுத்ததை நம்புகிறோம், அவ்வளவே.

அந்நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பதை அதே கென் தாம்சன், 1984இல் அச்சான தம் டூரிங் விருது உரையில் விளக்கினார். கணிப்பொறிக்குள் நுழைய அனுமதி தரும் நிரலைத் தொகுக்குந்தோறும் அதில் ஒரு கள்ளச்சாவியைச் செருகுமாறு தொகுப்பியைத் திருத்தலாம். அத்தொகுப்பி தன்னைத்தானே தொகுக்கும்போதும் அக்கள்ளத்தைப் பதிக்குமாறு செய்துவிட்டால், பின்னர் மூலநிரலிலிருந்து அவ்வரிகளை அழித்துவிடலாம். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் குற்றம் தென்படாது. இயந்திர வடிவில் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

கோ மொழிக்கு மாற்றுவழி உண்டு. தொகுப்பி சி மொழியில் அமைந்த கடைசிப் பதிப்பு 1.4. அதன் மூலநிரலைப் பெற்று, குனு திட்டத்தின் கட்டற்ற தொகுப்பியாகிய ஜி.சி.சி.யைக் கொண்டு கட்ட வேண்டும். மூலநிரலுடன் வரும் 'மேக்.பேஷ்' என்னும் கட்டளைக் கோப்பை இயக்கினால் போதும். இன்றைய இயங்குதளங்களில், சி நிரல்களோடு இணைக்கும் 'சிகோ' வசதியை நிறுத்திவிட்டே இதனைச் செய்தல் நன்று. இன்றேல் பணி இடையில் முறிய நேரும். பின்பு 1.4ஐக் கொண்டு 1.17, அதைக் கொண்டு 1.20, அதைக் கொண்டு 1.22, அதைக் கொண்டு 1.24 எனப் படிப்படியாக ஏறலாம். ஒவ்வொன்றிலும் இறுதித் திருத்தத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'கோரூட் பூட்ஸ்ட்ராப்' என்னும் சூழல் மாறியில், முந்தைய பதிப்பு இருக்கும் இடத்தைக் குறித்தல் வேண்டும். 1.4இலிருந்து 1.24க்கு நேரே தாவ இயலாது; புதிய மூலநிரலில் பயிலும் இலக்கணக் கூறுகள் பழைய தொகுப்பிக்குத் தெரியா.

இவ்வளவு பாடுபட்டு ஏறியதன் பயன் இறுதியில் விளங்கும். 2023இல் வந்த 1.21 முதல், எந்தக் கணிப்பொறியில் எந்தப் பழைய தொகுப்பியைக் கொண்டு கட்டினாலும் அதே பைட்டுகளே கிடைக்குமாறு கோ அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே நாமே கட்டியதையும் நிறுவனம் வழங்குவதையும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அங்ஙனமாயின் ஜி.சி.சி.யைத் தொகுத்தது யார்? ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னின்று உருவாக்கி 1987இல் வெளிவந்த அத்தொகுப்பி, வழக்கமான கட்டுமானத்தில் மூன்று முறை கட்டப்படுகின்றது. இரண்டாம், மூன்றாம் முறைகளில் விளைந்தவை ஒத்துள்ளனவா என்றும் சோதிக்கப்படுகின்றது. ஆயினும் தாம்சன் காட்டிய கள்ளம் இச்சோதனைக்கு அகப்படாது. இரண்டிலும் அது ஒன்றுபோலவே இருக்குமன்றோ! தொடர்பற்ற வேறொரு தொகுப்பியால் தொகுத்து ஒப்பிடும் முறையை டேவிட் வீலர் தம் 2009ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவினார். 2023இல் குனு கீக்ஸ் திட்டத்தார் இன்னும் அடிவேருக்கே சென்றனர். கட்டுமானத்தை நடத்த வேறொரு நிரலின் துணை அப்போதும் தேவைப்பட்டது. எனினும் அவர்தம் தொகுப்பிகள் யாவும் 357 பைட்டு அளவேயுள்ள ஒரு சிறு நிரலிலிருந்து படிப்படியாக முளைத்தெழுந்தன. அந்த 357 பைட்டுகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் கையாலேயே சரிபார்த்துவிடலாம்.