எஸ்.யு.வி. வாங்கியாச்சு... டயர் மாத்தியாச்சா?

கனடாவுக்கு வேலைக்குப் போகிற நம்ம ஊர் இளைஞர்கள் முதல் வருஷம் கனமான ஜாக்கெட் வாங்குகிறார்கள். அப்புறம் கார். அதுவும் சும்மா கார் இல்லை, எஸ்.யு.வி.! ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம், நாலு சக்கரத்தையும் இன்ஜினே சுற்றுகிற ஆல்-வீல் டிரைவ். 'இனிமே பனியாவது, ஒண்ணாவது!' என்று ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

நவம்பர் பிறக்கிறது. பக்கத்து ஸீட் நண்பர் மெதுவாகக் கேட்கிறார்: "வின்டர் டயர் மாத்தியாச்சா?"

"எதுக்குங்க? வண்டியோடவே ஆல்-சீஸன் டயர் வந்திருக்கே! எல்லா சீஸனுக்கும்னுதானே அர்த்தம்?"

அர்த்தம் என்னவோ அதுதான். ஆனால், 'ஆல்-சீஸன்' என்பது கொஞ்சம் தேர்தல் வாக்குறுதி மாதிரி. வெயில், மழை, லேசான குளிர் வரைக்கும் நிறைவேற்றுவார்கள். நிஜமான பனிக்காலத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும்!

தேங்காய் எண்ணெய் தத்துவம்

மார்கழி மாசம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சொட்டு வராது. ரப்பரும் ஏறக்குறைய அப்படித்தான். ரோட்டின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அமுங்கிக் கொடுத்தால்தான் அதற்குப் பிடிமானம். குளிர ஆரம்பித்தால் ஆல்-சீஸன் ரப்பர் விறைக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் டயரை மாற்றுங்கள் என்று டயர்க்காரர்கள் சொல்வது இதனால்தான். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை, குளிரே போதும்.

வின்டர் டயரின் ரப்பர் கலவையே வேறு. கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கிற மாதிரி தயாரிக்கிறார்கள். பட்டனும் வேறு. ஆழமான பள்ளங்கள், ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறினாற்போல ஏகப்பட்ட மெல்லிய வெட்டுகள். அந்தப் பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்ளும். அடடா, கெட்டுதே என்று நினைக்காதீர்கள். பனியோடு பனி நன்றாக ஒட்டும். பனியில் போகப் பனியையே துணைக்குச் சேர்த்துக் கொள்கிற தந்திரம் இது!

நாலு சக்கரமும் சுத்துதே சார்?

சுற்றட்டும். கிளம்புவதற்கு அது ரொம்ப உதவி. பனியில் சிக்கிய சின்னக் கார் சக்கரத்தைச் சுற்றவிட்டுத் தவிக்கும்போது உங்கள் எஸ்.யு.வி. ஹாயாகக் கிளம்பிவிடும். ஆனால், நிற்பதற்கு? பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நம்ம பழைய மாருதி 800-லும் அப்படித்தான்! நிறுத்துகிற விஷயத்தில் ஆல்-வீல் டிரைவுக்கு எந்த விசேஷமும் கிடையாது.

ஆபத்தே இங்கேதான். வண்டி வழுக்காமல் கிளம்பிவிடுவதால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே டிரைவருக்குத் தெரிவதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில்தான் தெரிகிறது. முன்னால் ஸ்கூல் பஸ் நிற்கிறபோது தெரிந்து என்ன பிரயோஜனம்?

"வண்டி கனமாச்சே, ரோட்டை அழுத்திப் பிடிக்காதா?" பிடிக்கும். ஆனால், கனமான வண்டியை நிறுத்தவும் அதே விகிதத்தில் அதிக பலம் வேண்டும். இரண்டுக்கும் சரியாகப் போய்விடும். பள்ளிக்கூடத்து பௌதிகம்தான்.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகம். காய்ந்த ரோட்டில் பிடிமானம் 0.8 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் பிடிமானம் 0.3 கிடைத்தால் 33 மீட்டர். 0.2 தான் என்றால் 49 மீட்டர். அந்தப் புள்ளி ஒன்று வித்தியாசத்துக்கு விலை 16 மீட்டர். மூன்று எஸ்.யு.வி.க்களை வரிசையாக நிறுத்துகிற நீளம்! அந்தப் புள்ளி ஒன்றைத் தருவது இன்ஜினும் இல்லை, ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. ரோட்டைத் தொடுகிற ரப்பர்தான்.

டயரின் ஜாதகம்

ஜாதகம் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது. 'எம் ப்ளஸ் எஸ்' என்று இருந்தால் சேறும் பனியும் என்று பொருள். வட அமெரிக்காவில் இது பட்டனின் அமைப்பைப் பார்த்துப் போடுகிற எழுத்துதான். பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சர்டிபிகேட் இல்லை. மூன்று சிகரம் உள்ள மலை, நடுவே ஒரு பனிப்பூ. இந்தப் படம் இருந்தால்தான் பனியில் சோதித்த டயர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இது சட்டம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம். இல்லாவிட்டால் குறைந்தது 200 டாலர் அபராதம். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டொரொன்டோ இருக்கிற ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால், வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்!

(கொசுறு: உலகின் முதல் வின்டர் டயர் 1934-ல் பின்லாந்தில் லாரிகளுக்காகப் பிறந்தது. கார்களுக்கு 1936-ல். தயாரித்த ரப்பர் கம்பெனி பிற்பாடு இணைந்தது எதோடு தெரியுமா? நம் பாக்கெட்டுகளில் எல்லாம் ஒரு காலத்தில் மணியடித்த அதே நோக்கியாவோடு!)

பர்ஸ் என்ன சொல்கிறது?

நாலு வின்டர் டயர், அதற்குத் தனி ரிம், மாட்டுக் கூலி... எஸ்.யு.வி. ஸைஸுக்கு ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். புதிதாகக் குடியேறி, அட்வான்ஸும் வாடகையும் கட்டி மூச்சு வாங்குகிறவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று. வின்டர் டயர் ஓடுகிற மாசங்களில் ஆல்-சீஸன் டயருக்கு லீவு. ஒரு செட் நாலு வருஷம் உழைப்பதற்குப் பதில் இரண்டு செட்டும் ஷிப்ட் போட்டு அதிக வருஷம் உழைக்கும். கூடுதல் செலவு என்பது ரிம்மும், வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுகிற கூலியும், அபார்ட்மென்ட்டில் டயர் வைக்க இடமும்தான்.

"அந்தப் பஞ்சாயத்தே வேணாம்" என்பவர்களுக்கு ஆல்-வெதர் டயர் இருக்கிறது. (ஆல்-சீஸன் வேறு, இது வேறு. கடையில் குழம்பாதீர்கள்!) மலையும் பனிப்பூவும் போட்ட டயர், வருஷம் பூரா கழற்ற வேண்டாம். பனியில் ஆல்-சீஸனைவிட மேல், வின்டருக்குக் கொஞ்சம் கீழ்.

ஆகவே, ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜனவரி சராசரியே பூஜ்யத்துக்கு மேல் இருக்கிற வான்கூவரில், மலைப்பாதைப் பக்கம் போகாமல் நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஆல்-வெதர் தாராளம். மான்ட்ரியல், ஆட்டவா பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வின்டர்தான். டொரொன்டோவில்? பனி பெய்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பவருக்கு ஆல்-வெதர் போதும். விடியற்காலை ஷிப்டுக்கு, ரோட்டில் பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்னாலேயே கிளம்ப வேண்டியவருக்கு வின்டர்.

மறக்காதீர்கள்

* காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றாதீர்கள். முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வழுக்கினால் வண்டி பரதநாட்டியம் ஆடும். மாற்றினால் நாலும்.

* வெயில் காலம் வந்ததும் வின்டர் டயரைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் மளமளவென்று தேயும், பிரேக்கும் தள்ளிப் பிடிக்கும்.

* 5, 6 டிகிரி குளிர் கூடினால் டயரில் காற்று ஒரு பவுண்டு குறையும். மாசம் ஒரு தடவையாவது காற்றைப் பாருங்கள்.

* முதல் பனி விழுந்த அன்று டயர் கடைக்குப் போனால், தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருதான்! அக்டோபரிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.