கதிரவனின் துருவத்தை நோக்கி

1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் கனடா நாட்டின் குவிபெக் மாகாணத்தில் திடீரென மின்சாரம் நின்றது. ஏறக்குறைய 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றி அல்லலுற்றனர். கதிரவனில் எழுந்த கொந்தளிப்பே அதற்குக் காரணம். கரும்புள்ளிகள் மிகுந்துள்ள ஆண்டுகளில் இத்தகைய கொந்தளிப்புகள் அடிக்கடி நேர்கின்றன. அப்புள்ளிகளோ சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. அடுத்த பெருக்கம் எவ்வளவு கடுமையாயிருக்கும் என்று முன்கூட்டியே அறிய இயலுமா?

இதற்கு விடையைத் துருவங்களில் தேட வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கரும்புள்ளிகளில் வலிய காந்தப் புலம் உண்டென்பதை 1908இல் அமெரிக்க வானியலார் ஹேல் கண்டறிந்தார். கதிரவன் திடப்பொருளன்று, அதன் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு முறை சுழலும், துருவப் பகுதிக்கோ ஏறக்குறைய 35 நாள் ஆகும். இவ்வேறுபாட்டால், இராட்டையில் நூல் சுற்றிக்கொள்வது போல, உள்ளிருக்கும் காந்தக் கோடுகள் இழுபட்டு முறுக்கேறுகின்றன. (வகுப்பில் ஒரு பந்தையும் நூலையும் கொண்டு இதனை எளிதில் காட்டலாம்.) அவை மேலெழுந்து பரப்பைத் துளைத்து வெளிப்படும் இடமே கரும்புள்ளி. புள்ளி கலைந்தபின் அதன் காந்தத்தில் ஒரு சிறு பங்கு மெல்லத் துருவத்தை அடைந்து, அங்குள்ள பழைய காந்தத்தை அழித்து, எதிர்முனைக் காந்தமாகச் சேர்கிறது. அதுவே அடுத்த சுற்றின் வித்து.

பூமியிலிருந்து நோக்குவோர்க்குத் துருவங்கள் விளிம்பில் ஒடுங்கியே தெரியும். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிலைகொண்ட நமது ஆதித்யா கலம் கதிரவனை இடையறாது நோக்க வல்லது. எனினும், பூமி சுற்றும் தளத்தை ஒட்டியே அதுவும் செல்வதால் துருவங்களை மேலிருந்து காண அதனால் இயலாது. அத்தளத்தை விட்டு விலகுவது எளிதன்று. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இங்கிருந்து புறப்படும் கலமும் அவ்வேகத்தை உடன்கொண்டே செல்லும். அதன் போக்கைத் திருப்ப வேறொரு கோளின் ஈர்ப்பு வேண்டும்.

1990இல் ஏவப்பட்ட யுலிசெஸ் கலம் வியாழன் வரை சென்று, அக்கோளின் ஈர்ப்பால் திரும்பி, 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் துருவங்களுக்கு மேலாகக் கடந்தது. ஆயினும் கதிரவனைப் படம் பிடிக்கும் கருவி அதில் இல்லை!

2020 பிப்ரவரியில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சோலார் ஆர்பிட்டர் புறப்பட்டது. வெள்ளியைப் பன்முறை அணுகி, 2025இல் தன் பாதையைக் கதிரவனின் நடுக்கோட்டிலிருந்து 17 பாகை சாய்த்துக்கொண்டு, அவ்வாண்டு மார்ச்சில் தென்துருவத்தைப் படம் பிடித்தது. அங்கே வடமுனைக் காந்தமும் தென்முனைக் காந்தமும் கலந்து கிடந்தன. பழையது அழிந்து புதியது சேரும் தருணம் அது. இக்கலப்பு எவ்வாறு தெளிந்து ஒரே முனையாகிறது என்பதையே இனிக் காண வேண்டும். திட்டப்படி 2029இல் கலத்தின் சாய்வு 33 பாகையாகும்.