‘சூசி கியூ’ இசைத்தட்டு
ஃபேன்டஸி நிறுவன வெளியீடு, அமெரிக்கா, 1968. வினைல், 7 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று.

கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோ என்ற சிறுநகரில், 1959இல் ஜான் ஃபோகர்ட்டி, டக் கிளிஃபர்ட், ஸ்டூ குக் ஆகிய மூன்று பள்ளி மாணவர்கள் ‘புளூ வெல்வெட்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினர். தொடக்கத்தில் பெரும்பாலும் பிறரால் புகழ்பெற்ற பாடல்களை வாசித்தனர். ஜானின் அண்ணன் டாமும் பின்னர் சேர்ந்தார். 1964இல் ஒப்பந்தம் செய்த ஃபேன்டஸி, அவர்களுக்குப் பிடிக்காத ‘காலிவாக்ஸ்’ என்ற பெயரைச் சூட்டியது. அதைச் சில ஆண்டுகள் சுமந்த பிறகே ‘கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்’ ஆயினர்.

இந்தப் பாடலும் சொந்தச் சரக்கல்ல. பாடகர் டேல் ஹாக்கின்ஸ் 1957இல் வெளியிட்டது. ஆனால் இரண்டேகால் நிமிடம் ஓடிய பாட்டை, நீண்ட கிட்டார் வாசிப்புடன் எட்டரை நிமிடத்துக்கும் மேலாக இழுத்தார்கள். அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. உறையின்றி வைத்துள்ள தட்டின் நடுச்சீட்டைப் பாருங்கள்: இந்தப் பக்கம் முதல் பகுதி, மீதியைக் கேட்கத் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் இதற்கு 11ஆம் இடம் கிடைத்தது.

ஆனால் 1969 தொடக்கத்தில் வந்த இக்குழுவின் ‘பாயூ கன்ட்ரி’ தொகுப்பின் ஏழு பாடல்களில் ஒன்று மட்டுமே இரவல். மற்ற ஆறும் ஜான் எழுதியவை. ‘பிரவுட் மேரி’ அவற்றுள் ஒன்று.