தலைக்கு முன் வயிறு

நவி மும்பையின் நேருளில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி. ஒய். பாட்டீல் மருத்துவக் கல்லூரியில் இன்று சேரும் மாணவர் ஒருவர் மூளை அறுவை மருத்துவராக விரும்பினால், குறைந்தது பதினொன்றரை ஆண்டுகள் பயின்றாக வேண்டும். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு, பொது அறுவையில் எம்.எஸ். மூன்றாண்டு, நரம்பியல் அறுவையில் எம்.சி.எச். மூன்றாண்டு. நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் காலம் இக்கணக்கில் சேராது.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஆறாண்டு எம்.சி.எச். பயிற்சியில் நேரே சேரும் வழியும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் அவ்வாறு பயிற்றுகிறது. கூட்டிப் பார்த்தால் இரு வழிக்கும் ஆண்டுகள் ஒன்றே. இடையில் ஒரு நுழைவுத் தேர்வு குறைகிறது, அவ்வளவே. முந்தைய வழியில் மூன்றாண்டுகள் வயிற்றிலும் குடலிலும் வீணாகின்றன என்பார் உளர். மும்பையில் இருந்துகொண்டு அதனை ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. மின்தொடர்வண்டியின் வாயிலிலிருந்து விழுந்தவருக்குத் தலை மட்டுமா அடிபடுகிறது? மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் குருதி கொட்டினால் குருதியழுத்தம் சரிகிறது. அடிபட்ட மூளைக்கு உயிர்வளி எட்டாது போகிறது. மேலழுத்தம் ஒருமுறை 90க்குக் கீழ் இறங்கினாலே, கடுந்தலைக்காயம் பட்டவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. வயிற்றைத் தொட்டறிந்த கை அங்கே தலையைக் காக்கிறது. நேர்வழியினருக்கும் பொது அறுவையில் சில மாதப் பயிற்சி உண்டுதான்; சில மாதம் போதுமா என்பதே என் ஐயம்.

நம் நாட்டில் நரம்பியல் அறுவைக் கல்விக்கு வயது அதிகமில்லை. மாண்ட்ரியலில் நரம்பியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் முதல் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவரான டி. எஸ். கனகா, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1954இல் எம்.பி.பி.எஸ்., 1963இல் எம்.எஸ்., 1968இல் எம்.சி.எச். முடித்தார். இடையே சீனப் போர்க்காலத்தில் படைமருத்துவராகவும் பணிபுரிந்தார்.

அறிவு ஒருபுறமிருக்க, கை பழக வேண்டுமே! நடுங்காத கை என்று ஒன்று கிடையாது; நலமுள்ளவர் விரலும் நொடிக்கு எட்டுமுதல் பன்னிரண்டு முறை நுண்ணிதாக அதிர்கிறது. நுண்ணோக்கியின் கீழ் அவ்வதிர்வு பேரசைவாகத் தெரியும். ஆகவே மணிக்கட்டையும் முன்னங்கையையும் மேசையில் ஊன்றி, விரல் நுனிகளை மட்டும் இயக்கப் பழகுகின்றனர். பழகுகளம் பெரும்பாலும் இறைச்சிக் கடையில் வாங்கிய கோழி இறக்கை. அதன் தமனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். அதனை வெட்டி, தலைமயிரினும் மெல்லிய நூலால் இணைக்க வேண்டும். ஊசி சற்று ஆழ்ந்தால் எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடும், குழாய் அடைபடும். வெளிப்பார்வைக்குத் தையல் அழகாகவே இருக்கும். எனவே தைத்த தமனியை நெடுக்காகப் பிளந்து உட்புறத்தைக் காட்டச் சொல்வர் ஆசிரியர். நூல் எதிர்ச்சுவரில் சிக்கியிருந்தால், அடுத்த இறக்கை.