தமிழாசிரியர் அமைத்த இணையத்தளம்

இணையத்தளம் அமைக்கும் தொழிலுக்கு, அதாவது ‘வெப் டெவலப்பர்’ வேலைக்கு, விண்ணப்பிப்போரிடம் மூன்று செய்திகள் கேட்கப்படுகின்றன. அவருடைய பின்னணி யாது? அவருக்குத் தெரிந்தவை எவை? இதுவரை செய்து காட்டியவை எவை? முதற் கேள்வியைக் கண்டதுமே கலைக்கல்லூரி மாணவர் பலர் பின்வாங்கிவிடுகின்றனர். தமிழ் படிப்பவனுக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று என்னிடமே கேட்ட நண்பர்கள் உண்டு. தமிழ் இலக்கிய மாணவனாகிய நான் அவர்களுக்கு விடையாக ஒருவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்தவர், ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றினார். தமிழைக் கணிப்பொறியில் எழுத ‘கணியன்’ என்னும் மென்பொருளையும் விசைப்பலகை ஒழுங்கையும் உருவாக்கியவர் இவரே. கணிப்பவன் என்னும் பொருளும் சங்கப் புலவர் பூங்குன்றனாரின் நினைவும் அப்பெயரில் ஒருங்கே அமைந்திருப்பது தமிழாசிரியருக்கே உரிய குறும்பு!

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டன. அன்றைய குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதி கோவிந்தசாமியின் உழைப்பு. தமிழின் முதல் இணையப் பக்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அவருக்குத் துணைநின்ற சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீயும் பொறியாளர் அல்லர், உயிர்வேதியியல் பேராசிரியர்.

இதில் என்ன அருமை என்று கேட்கலாம். அன்றைய கணிப்பொறியில் எழுத்துகளுக்கு இருந்தவை 256 அறைகளே. முதல் 128 அறைகளை ஆங்கிலமும் குறியீடுகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128க்குள் நம் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? இங்கேதான் இலக்கண அறிவு கைகொடுக்கிறது. ‘கொ’ என்பதற்குத் தனி அறை வேண்டியதில்லை. கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பிரிக்கலாம். ‘கு’, ‘கூ’ போன்றவை மட்டும் பிரியா. அவ்வரிசை முப்பத்தாறுக்கும் தனித்தனி அறை வேண்டும். இவ்வாறு கணக்கிட்டால் ஏறத்தாழ நூறு அறைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும்.

நம் கடற்கரைக்கும் இச்சிக்கல் புதிதன்று. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானபோது, தமிழ் எழுத்துகளை ஈய அச்சுகளாக வார்க்க வேண்டியிருந்தது. அப்பணிக்குப் பொருள் உதவியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள்.

கணிப்பொறியில் தொல்லை வேறொரு வகையிலும் வந்தது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அறைகளை ஒதுக்கினர். ஒருவர் எழுதிய கட்டுரை மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இதனைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாக வந்ததே ‘தமிழ்99’ விசைப்பலகை. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். பின்னர் யூனிகோடு பரவியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது.

இன்று இத்தொழிலுக்கு வேண்டிய எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை எத்துறை மாணவரும் கற்கலாம். முதலாவது பக்கத்தின் எலும்புக்கூடு, இரண்டாவது உடை, மூன்றாவது அசைவு. அவற்றைக் கொண்டு எதைச் செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்றும் தோணித் தலைவனுக்குச் ‘சம்மாட்டி’ என்றும் வழங்கிய சொற்களை நேரில் கேட்டறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். அச்சொற்களை யூனிகோடு எழுத்தில், அவர்கள் குரலோடு ஒரு தளத்தில் ஏற்றினால், செய்து காட்டியவை எவை என்னும் மூன்றாம் கேள்விக்கு அதைவிட நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடுமுறையில் நான் அதைத் தொடங்குகிறேன். குரல் பதிவுக்கு இயற்பியல் துறை நண்பர் ஒருவரும், கடலோரத் தெருக்களை அறிந்த வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரும் தேவை.