வெயிலுக்கும் பேர் விழுமா?
கூரைச் சூரிய மின்சாரமும் பசுமைச் சான்றிதழும்



இந்திய அரசின் 1 கோடி 70 இலட்சம் டொலர் நன்கொடையில், நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில் சூரிய மின்தட்டுகள் பொருத்தும் திட்டம் 2025 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. மொத்தம் 25 மெகாவாட். அதாவது ஒரு தலத்துக்கு 5 கிலோவாட். "கோயிலுக்குப் போட்டாங்களே, நம்ம லயத்துக்கும் போட ஏலாதா? அதுல வர்ற கிறெடிட்டை வித்தா காசு வருமாமே?" என்று எம்மிடம் கேட்பவர்கள் பலர். ஆகவே இந்த விடயத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் 'கிறெடிட்' என்றால் என்ன? மலையில் கொழுந்து எடுக்கிறோம். கொழுந்து தராசுக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போய்விடும். நமக்கு மிஞ்சுவது செக்ரோலில் விழும் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். சூரிய மின்சாரமும் இப்படித்தான். மின்சாரம் கம்பியில் ஏறியதும், அது நீரில் பிறந்ததா, நிலக்கரியில் பிறந்ததா, வெயிலில் பிறந்ததா என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் "இத்தனை அலகு புகையில்லாமல் உற்பத்தியானது" என்று தனியாக ஒரு பேர் போடுகிறார்கள். அதுவே பசுமைச் சான்றிதழ். மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை இன்னொருவருக்கும் விற்கலாம். ஆனால் சான்றிதழை விற்றவர், "நான் வெயில் மின்சாரம் பாவிக்கிறேன்" என்று பிறகு சொல்லக்கூடாது. ஒரே கொழுந்துக்கு இரண்டு பேர் போடுவது போலாகிவிடும்.

இதை யார் வாங்குவார்கள்? இந்தியாவில் மின் விநியோக நிறுவனங்களும் சில பெரிய தொழிற்சாலைகளும் தாம் பாவிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெற வேண்டும் என்பது சட்டம. சொந்தமாகப் பெற முடியாதவர்கள் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். 2011இல் அங்கே மின்சாரச் சந்தைகளில் இந்த வியாபாரம் தொடங்கியது. 1,000 அலகுக்கு ஒரு சான்றிதழ். தமிழ்நாட்டிலும் 2012ஆம் ஆண்டுச் சூரிய சக்திக் கொள்கை, உயர் அழுத்த மின்சாரம் பாவிக்கும் பெரிய நுகர்வோர் 2014 முதல் 6 வீதத்தை வெயிலிலிருந்து பெற வேண்டும் என்றது. வழக்குப் போய், 2014இல் மேன்முறையீட்டு நியாயமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

விலையும் நிலைக்கவில்லை. இந்தியாவில் தொடக்கத்தில் ஒரு சூரியச் சான்றிதழுக்கு ஆகக் குறைந்த விலை 12,000 இந்திய ரூபா என்று வைத்தார்கள். 2017இல் அது 1,000 ரூபாவாக இறங்கியது. தட்டுகள் மலிந்தன, கட்டாயத்தைப் பலர் நிறைவேற்றவில்லை, சான்றிதழ்கள் விலைபோகாமல் தேங்கின.

நம் மாகாணத்துக்கும் இது முற்றிலும் புதிதல்ல. பதுளு ஓயா சிறு நீர்மின் திட்டம் 2005இல் கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் காபன் கிறெடிட் பெறுவதற்காகப் பதிவு செய்யப்பட்டது. அது குறைக்கப்பட்ட புகையின் கணக்கு. பசுமைச் சான்றிதழோ மின் அலகின் கணக்கு. இரண்டும் வேறு என்றாலும் சந்தையின் குணம் ஒன்றுதான். 2008இல் 20 யூரோ அளவில் விலைபோன அந்தக் காபன் கிறெடிட், 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் தட்டு நல்ல வெயிலில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,400 அலகு தரும். மூடுபனி மலையில் இன்னும் குறையும். ஆக, வருடத்துக்கு ஒரு சான்றிதழ்! அதை விற்று வீடு செழிக்காது. ஆயிரக்கணக்கான கூரைகளை ஒன்று சேர்ப்பவருக்கே அது வியாபாரம். எனவே கிறெடிட்டைக் காட்டி ஆசை ஊட்டுபவரிடம் கவனமாக இருங்கள்.

குடும்பத்துக்கு உண்மையான பயன் மின்கட்டணம் குறைவதிலும், மிஞ்சும் மின்சாரத்தை விற்பதிலும்தான். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் மூன்று வழிகள் இருந்தன. மிஞ்சியதை அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. மிஞ்சியதற்குக் காசு வாங்குவது இன்னொன்று. முழுவதையும் விற்பது மூன்றாவது. அன்று ஓர் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாவும், அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதமும் என்று நிர்ணயித்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை அதன்பின் பல தடவை மாறிவிட்டது. ஆகவே பழைய விலையை யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கையெழுத்திடும் அன்றைய விலையைக் கேளுங்கள்.

விலை ஏன் மாறுகிறது? 2030க்குள் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்பது அரசு வகுத்த இலக்கு. ஆனால் வெயில் மின்சாரம் நடுப்பகலில் குவியும்; நமக்கு விளக்குத் தேவைப்படுவதோ இரவில். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபநிலையத்தில் கோளாறு ஏற்பட்டபோது பாவனை குறைவாகவும் வெயில் மின்சாரம் அதிகமாகவும் இருந்ததால் அமைப்பு தாங்கவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தட்டுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு கேட்டார்கள். பகலில் சேமித்து இரவில் கொடுக்கும் பெட்டரிக்கு இப்போது மதிப்புக் கூடுவது இதனால்தான்.

லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூரை யாருடையது? காம்பிராவில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் உறுதி நம் கையில் இல்லை. பழைய தகரமும் மரமும் தட்டின் பாரத்தைத் தாங்குமா, காற்றுக்கு நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. அபாய இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த லயத்தில் 20 வருடக் கடனோடு தட்டுப் போடுவது புத்தியல்ல. அங்கே முதல் தேவை பாதுகாப்பான காணி. தட்டு அதற்குப் பிறகு.

யாராவது பத்திரத்தோடு இஸ்தோப்புக்கு வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. மின் கட்டணப் பட்டியல் யார் பெயரில் இருக்கிறது? காசு யார் கணக்குக்குப் போகும்?
2. கூரைக்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி உண்டா?
3. கடன் என்றால் மாதத் தவணை எவ்வளவு? மழை மாதத்திலும் கட்டியாக வேண்டுமா?
4. பழுதானால் யார் திருத்துவார்கள்? எத்தனை வருட உத்தரவாதம்?
5. சான்றிதழ், காபன் கிறெடிட் ஆகியவற்றின் உரிமை யாருக்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?
6. இடம்பெயர நேர்ந்தால் தட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமா?

பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் பிரதேச மின்சார அலுவலகத்திலோ இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையிலோ விசாரிக்கலாம்.

தனித்தனிக் காம்பிராவுக்கு முன், பிள்ளை மடுவம், பாடசாலை, வாசிகசாலை போன்ற பொதுக் கூரைகளைப் பற்றித் தோட்டக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள் என்பது எமது ஆலோசனை. அவற்றில் பகலில்தான் வேலை நடக்கிறது. வெயிலும் பகலில்தான் வருகிறது. செலவும் ஒரு குடும்பத்தின் தலையில் விழாது. பேர் யாருக்கு விழும் என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.